தளவிளைவு எண் தப்பாக வருகிறதா? காந்தப்புலமுள்ள விண்மீன் வளிமண்டல மாதிரியில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

சூரியத் தட்டின் விளிம்பை ஒட்டி, 4607 ஆங்ஸ்ட்ராமில் ஸ்ட்ரான்சியத்தின் ஒரு நிறமாலை வரி இருக்கிறது. அங்கே சிதறலால் உண்டாகும் தளவிளைவு (polarization), அதாவது ஒளி அலை ஒரே திசையில் ஒழுங்காக அதிர்வது, ஏறத்தாழ 1 சதவீதம். மிச்சமெல்லாம் சாதாரண ஒளி. விண்மீன் ஒளியைக் கணக்கிடும் நிரலை எழுதுபவருக்குத் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. ஒளிச்செறிவில் 1 சதவீதப் பிழை வந்தால் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. அதே 1 சதவீதம் தளவிளைவில் வந்தால் முழு விடையையும் தின்றுவிடும். "செறிவு சரியாக வருகிறது, அதனால் நிரல் சரி" என்று நம்பி மாதக்கணக்கில் வீணாக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டோக்ஸ் அளவுகள் நான்கையும் ஐ, கியூ, யூ, வி என்றே எழுதுகிறேன். ஐ மொத்தச் செறிவு. கியூவும் யூவும் நேர்கோட்டுத் தளவிளைவு. வி வட்டத் தளவிளைவு. விளிம்புக்கு இணையான திசையை நேர்க்குறி கியூ என்று வைத்துக்கொள்வோம். மியூ என்பது கதிர், பரப்பின் செங்குத்தோடு ஆக்கும் கோணத்தின் கோசைன்: தட்டின் நடுவில் 1, விளிம்பில் 0. எப்சிலான் என்பது ஒரு ஃபோட்டான் சிதறாமல் மோதலில் அழியும் வாய்ப்பு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் காந்தப்புலத்தை அணையுங்கள். வேகங்களைச் சுழியாக்குங்கள். வெப்பநிலையை ஆழம் முழுக்க ஒன்றாக்குங்கள். இரண்டே ஆற்றல்மட்டம் உள்ள அணு, முழு அதிர்வெண் மறுபகிர்வு (சிதறிய ஃபோட்டான் தன் பழைய அதிர்வெண்ணை முழுக்க மறந்துவிடும் என்ற அனுமானம்), இணைத்தட்டு வளிமண்டலம் (ஆழத்தோடு மட்டும் மாறும் தட்டையான அடுக்குகள்). இந்த எளிய நிலையில் விடை தெரிந்த கணக்குகள் பல உண்டு. அவற்றில் தேறாத நிரலை உண்மையான சூரிய மாதிரியில் ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

அறிகுறி: தளவிளைவே இருக்கக்கூடாத ஆழத்தில் கியூ சுழியாக இல்லை

வளிமண்டலத்தின் ஆழத்தில் கதிர்வீச்சு எல்லாத் திசையிலும் ஒரே அளவு. அங்கே சிதறல் எவ்வளவு நடந்தாலும் தளவிளைவு வராது, ஏனென்றால் எந்தத் திசைக்கும் சிறப்பு இல்லை. ஆனாலும் உங்கள் மூலச்சார்பில் (ஓரிடத்தில் வாயு ஒளியை உமிழ்வதற்கும் உறிஞ்சுவதற்கும் உள்ள விகிதம்) கியூ பகுதி ஆழத்தில் ஒரு மாறிலியில் போய் நிற்கிறது என்றால், பத்துக்கு ஒன்பது முறை குற்றவாளி கோணத் தொகையிடல்தான்.

தளவிளைவை உண்டாக்குவது கதிர்வீச்சின் திசைச்சார்பு. அதை (3 × மியூ² − 1) என்ற எடையோடு செறிவைக் கூட்டித்தான் கணக்கிடுகிறோம். செறிவு எல்லாத் திசையிலும் ஒன்றானால் இந்தக் கூட்டல் சுழியாக வேண்டும். அதற்கு உங்கள் கோணப் புள்ளிகளின் எடையில் மியூ²-இன் சராசரி துல்லியமாக 1/3 ஆக இருக்க வேண்டும். மியூவை 4 சமத் துண்டுகளாகப் பிரித்து நடுப்புள்ளிகளை (0.125, 0.375, 0.625, 0.875) எடுத்துப் பாருங்கள். சராசரி 0.328125 வருகிறது. 1/3-க்கு ரொம்பப் பக்கம்தான், ஆனால் 1/3 இல்லை. மூன்றால் பெருக்கி 1 கழித்தால் −0.0156 மிஞ்சும். இது விளிம்பில் −0.6 சதவீதம் அளவுக்குப் பொய்யான கியூவைக் கொண்டுவரும். நாம் தேடும் ஸ்ட்ரான்சியம் சமிக்ஞையில் பாதிக்கு மேல்! செறிவு வரைபடத்தில் இது துளிகூடத் தெரியாது.

தீர்வு எளிது. 0 முதல் 1 வரை காஸ்–லெஜாந்தர் புள்ளிகளைப் பயன்படுத்துங்கள். இரண்டே புள்ளி வைத்தாலும் மியூ²-ஐத் துல்லியமாகத் தொகையிடும். அதற்காக இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். பரப்பின் அருகே செறிவு, மியூ சுழியை நெருங்கும்போது வேகமாக மாறும். புள்ளிகளை இரட்டிப்பாக்கி, விடை நகராத வரை போக வேண்டும். நிரல் தொடங்கும்போதே மூன்று கூட்டல்களை அச்சிடும் வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எடைகளின் கூட்டல் 1, மியூ × எடை 1/2, மியூ² × எடை 1/3. மூன்று வரி நிரல் அது. திசைகோணத்தையும் (செங்குத்தைச் சுற்றிய கோணம், χ) தொகையிடும் நிரல் என்றால், கோசைன் 2χ, சைன் 2χ இரண்டின் கூட்டலும் சுழியா என்றும் பாருங்கள்.

அறிகுறி: மூலச்சார்பு ஆழத்தில் பிளாங்க் மதிப்பைத் தொடவில்லை, அல்லது பரப்பில் தப்பு

ஒரே வெப்பநிலை உள்ள, அடியில் முடிவே இல்லாத வளிமண்டலத்தில், தளவிளைவைப் புறக்கணித்தால், பரப்பில் மூலச்சார்பு √எப்சிலான் × பிளாங்க் மதிப்பு (அந்த வெப்பநிலையில் ஒரு கரும்பொருள் உமிழும் செறிவு). வரியின் வடிவம் டாப்ளரா (அணுக்களின் அசைவால் மட்டும் அகன்றது) ஃபோக்ட்டா (தணிப்பாலும் சேர்ந்து அகன்றது) என்பது பொருட்டே இல்லை. எப்சிலான் 10⁻⁴ என்றால் 0.01 வர வேண்டும், அவ்வளவுதான். தளவிளைவையும் சேர்த்தால் சட்டம் கொஞ்சம் விரியும்: பரப்பில் செறிவுப் பகுதியின் வர்க்கமும் தளவிளைவுப் பகுதியின் வர்க்கமும் கூடி எப்சிலான் × பிளாங்க்² ஆக வேண்டும். இவ்வளவு அழகான சோதனை வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே எண்ணில் கோணமும் அதிர்வெண்ணும் ஆழமும் மறுசெய்கையும் சேர்ந்து தேர்வு எழுதுகின்றன.

தவறினால், முதலில் வரி வடிவத்தின் கூட்டலைப் பாருங்கள். அதிர்வெண் எடைகளோடு கூட்டினால் 1 வர வேண்டும். 0.999 வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சிதறலிலும் ஆயிரத்தில் ஒரு ஃபோட்டான் காணாமல் போகிறது. எப்சிலான் 10⁻⁶ உள்ள வரியில், இந்தப் பொய் அழிவு உண்மையான அழிவைப் போல ஆயிரம் மடங்கு. மூலச்சார்பு ஆழத்திலும் பிளாங்க் மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறாது. மாறாக 1.001 வந்தால் சிதறல் ஃபோட்டான்களைப் பெருக்கத் தொடங்கும், மறுசெய்கை குவியாமல் வெடிக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எடைகளைக் கூட்டலால் வகுத்து 1 ஆக்குங்கள். அப்புறம் அதிர்வெண் வீச்சு போதுமா என்று தனியாகப் பாருங்கள். கூட்டலை 1 ஆக்கிவிட்டால் வீச்சுக் குறைவு ஒளிந்துகொள்ளும்.

அடுத்து ஆழம். ஃபோட்டான் தன் பிறப்பிடத்தை மறக்கும் தூரம் டாப்ளர் வடிவத்தில் 1/எப்சிலான் அளவு ஒளியியல் ஆழம் (வழியில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதால் அளக்கும் ஆழம்). ஃபோக்ட் வடிவத்தில், தணிப்பு எண்ணை எப்சிலானின் வர்க்கத்தால் வகுத்த அளவு. எப்சிலான் 10⁻⁴, தணிப்பு 10⁻³ என்றால் ஒளியியல் ஆழம் 10⁵ வரை போகிறது. அதற்கும் கீழே சில படிகள் வேண்டும். மேலேயும் கஞ்சத்தனம் கூடாது. முதல் புள்ளி 10⁻⁴-க்குக் கீழே இருக்கட்டும், ஒரு பத்துமடங்குக்கு ஐந்து புள்ளிகளாவது வையுங்கள். தளவிளைவு பிறப்பது அந்த மேல்விளிம்பில்தான்.

அறிகுறி: குவிந்துவிட்டது என்று நிரல் சொல்கிறது, தொடக்கத்தை மாற்றினால் விடை மாறுகிறது

இது போலிக் குவிதல். சாதாரண லாம்ப்டா மறுசெய்கையில் (மூலச்சார்பிலிருந்து கதிர்வீச்சு, கதிர்வீச்சிலிருந்து மூலச்சார்பு என்று மாறி மாறிக் கணக்கிடும் முறை) எப்சிலான் சிறியதாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மாற்றம் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். விடைக்கு வெகு தொலைவில் நின்றுகொண்டே "மாற்றம் 10⁻⁴, முடிந்தது" என்று நிரல் நின்றுவிடும். முடுக்கப்பட்ட முறைகளிலும் இது உண்டு. ஒரு சுற்றில் பிழை 2 சதவீதம்தான் குறைகிறது என்றால், சுற்றுக்குச் சுற்று வரும் மாற்றத்தைப் போல 50 மடங்கு உண்மைப் பிழை மிச்சம் இருக்கிறது. மாற்றம் 10⁻³ என்று நிறுத்தினால் பிழை 5 சதவீதம்.

ஒரு முறை பிளாங்க் மதிப்பிலிருந்து தொடங்குங்கள். இன்னொரு முறை எப்சிலான் × பிளாங்க்கிலிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்து, மற்றது கீழிருந்து, இரண்டும் ஒரே விடையில் சந்திக்க வேண்டும். சந்திக்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தால் இடைவெளியே பிழையின் அளவைக் காட்டிவிடும்.

1986-இல் ஓல்சன், ஆவர், புக்லர் மூவரும் காட்டிய மூலைவிட்ட முறை (லாம்ப்டா அணியின் மூலைவிட்டத்தை மட்டும் வைத்து மறுசெய்கையை முடுக்குவது) போதுமானது, எழுதவும் எளிது. ஆனால் ஆழப் புள்ளிகளை நெருக்கமாக்கினால் அது மெதுவாகும். துல்லியத்துக்காகப் புள்ளிகளைக் கூட்டிவிட்டு, பழைய சுற்று எண்ணிக்கையிலேயே நிறுத்தி, "நெருக்கமாக்கினால் விடை மோசமாகிறதே" என்று குழம்புபவர்கள் உண்டு. அங்கே கெட்டது நெருக்கம் இல்லை, நிறுத்தும் விதி.

அறிகுறி: கியூ வருகிறது, ஆனால் குறி தலைகீழ் அல்லது அளவு பாதி

முழு வளிமண்டலத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு சிதறலைக் கணக்கிடுங்கள். செங்குத்தாக மேலே போகும் ஒரே கற்றை, ஜே (எலக்ட்ரான்களின் மொத்தக் கோண உந்த எண்) = 0-இலிருந்து 1-க்குத் தாவும் அணு. 90 பாகையில் சிதறும் ஒளி 100 சதவீதம் தளவிளைவுற வேண்டும். 45 பாகையில் 33.3 சதவீதம். 0 பாகையில் சுழி. 100-க்குப் பதில் வேறு எண் வந்தால், சிதறல் அணியில் √2 எங்கோ தொலைந்திருக்கிறது. திசைச்சார்பை எழுதப் பயன்படும் கோள டென்சார்களின் வரையறையில் 2√2, 4√2 என்று வரும். ஒரு கட்டுரையிலிருந்து சமன்பாட்டையும் வேறொன்றிலிருந்து வரையறையையும் எடுத்தால் இது நடந்தே தீரும். ஒரே ஆசிரியரின் ஒரே வரையறையைத் தொடக்கம் முதல் கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சோதனை சந்திரசேகர் தந்தது. 1946-இல் அவர் எலக்ட்ரான்களால் மட்டுமே சிதறல் நடக்கும் வளிமண்டலத்தைத் தீர்த்து, விளிம்பில் தளவிளைவு 11.7 சதவீதம், நடுவில் சுழி என்று காட்டினார். மின்புலம் விளிம்புக்கு இணையாக அதிரும். இதைப் பிடிக்கப் போய்த்தான் ஹில்ட்னரும் ஹாலும் 1949-இல் விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசியின் தளவிளைவைக் கண்டுபிடித்தார்கள். விளிம்புத் தளவிளைவு அல்கோல் இரட்டை விண்மீனில் அகப்பட 1983 ஆயிற்று. உங்கள் நிரலில் இந்தக் கணக்கை ஓட்ட அடி எல்லையில் கவனம் வேண்டும். இங்கே எப்சிலான் சுழி, அதனால் பிளாங்க் மதிப்பு எதையும் தீர்மானிக்காது. கீழிருந்து வரும் பாயத்தைக் கொடுக்க வேண்டும். 11.7 வருகிறது ஆனால் குறி மாறியிருக்கிறது என்றால், நல்ல செய்தி. குறிப்புத் திசையை 90 பாகை திருப்பி எழுதியிருக்கிறீர்கள், இயற்பியலில் தவறு இல்லை.

ஒரு எச்சரிக்கை. உண்மையான வரிகளில் குறியை மட்டும் பார்த்து நிரலைத் தண்டிக்கக்கூடாது. மூலச்சார்பு வெளியே வர வேகமாகக் குறைந்தால் செங்குத்துக் கதிர் ஓங்கும், கியூ நேர்க்குறி. தட்டையாக இருந்தால் கிடைக் கதிர் ஓங்கும், கியூ எதிர்க்குறி. இரண்டும் நிஜமாகவே நடக்கும்.

அறிகுறி: காந்தப்புலத்தைப் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, அல்லது தவறான வலிமையில் ஆகிறது

1924-இல் ஹான்லே விளக்கிய விளைவு இது. காந்தப்புலம், கிளர்ந்த அணுவின் அதிர்வுத் திசையைச் சுழற்றுகிறது. அணு ஒளியை உமிழ்வதற்குள் கொஞ்சம் சுழன்றால் தளவிளைவு குறையும், திசையும் திரும்பும். அணுவின் ஆயுள்தான் அளவுகோல். ஸ்ட்ரான்சியம் 4607-இன் மேல்மட்டம் ஏறத்தாழ 5 நானோவினாடி வாழ்கிறது. அதனால் ஹான்லே விளைவுக்கு வேண்டிய அளவுப் புலம் 23 காஸ் (காஸ் என்பது காந்தப்புல அலகு). கால்சியம் 4227-க்கு 25 காஸ்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: புலம் செங்குத்தாக இருக்கிறதா? இணைத்தட்டு வளிமண்டலத்தில் செங்குத்துப் புலத்துக்கு ஹான்லே விளைவே கிடையாது. கதிர்வீச்சின் சமச்சீர் அச்சும் புலமும் ஒன்றாகிவிடுகின்றன, சுழற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே "ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் சரியான விடை. செங்குத்துப் புலத்தில் கியூ குறைந்தால்தான் நிரலில் ஓட்டை. பெரும்பாலும் சுழற்சி அணியில் சாய்வுகோணமும் திசைகோணமும் இடம் மாறியிருக்கும்.

வலிமை தவறு என்றால் மறுபடி ஒற்றைச் சிதறலுக்குப் போங்கள். 90 பாகைச் சிதறல், புலம் பார்வைக்கோட்டின் வழியே. 23 காஸில் பாதி, அதாவது 11.4 காஸில் கியூ பாதியாக வேண்டும், யூ அதே அளவுக்கு எழ வேண்டும், தளவிளைவுத் திசை 22.5 பாகை திரும்ப வேண்டும். முழு 23 காஸில் கியூ ஐந்தில் ஒன்று. 11.4-க்குப் பதில் 1.8 காஸிலோ 71 காஸிலோ பாதியானால், 2π-ஐ மறந்திருக்கிறீர்கள் அல்லது இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள். புலத்தில் அணு சுழலும் லார்மர் அதிர்வெண் காஸுக்கு 1.4 மெகாஹெர்ட்ஸ், கோண அதிர்வெண் காஸுக்கு வினாடிக்கு 8.79 × 10⁶ ரேடியன். ஆயுளோடு பெருக்க வேண்டியது இரண்டாவது. பத்தாயிரம் மடங்கு தவறு என்றால் டெஸ்லாவையும் காஸையும் கலந்துவிட்டீர்கள். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். 2π தவறுதான் கொடியது, ஏனென்றால் விடை நம்பும்படியே இருக்கும். நிரலில் 3.6 காஸ் புலத்தை வைத்துக்கொண்டு அதை 23 காஸ் என்று எழுதிவிடுவோம்.

இனி சிறுஅளவிலான கலங்கல் புலம். தொலைநோக்கி பிரித்துக் காட்டாத, எல்லாத் திசையிலும் சமமாகப் பரவிய வலுவான புலத்தில், ஒற்றைச் சிதறலின் கியூ சரியாக 1/5-க்கு இறங்கும். கிடைமட்டமாக மட்டும் கலங்கினால் 1/4. உங்களுக்கு 0.2-க்குப் பதில் 0.34 வருகிறதா? திசைகளைச் சராசரி எடுக்கும்போது சைன் எடையைப் போடவில்லை. கணக்கிட்டுப் பாருங்கள், சைன் இல்லாத சராசரி 11/32. அந்த எண்ணைப் பார்த்தவுடனே பிழையின் பெயரைச் சொல்லிவிடலாம்.

அறிகுறி: தளவிளைவு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது, அல்லது வி ஒருபக்கம் சாய்கிறது

இது சூரியப்புள்ளி போன்ற வலுவான புலத்தில், சீமன் பிளவு (புலம் ஒரு வரியைப் பல உறுப்புகளாகப் பிரிப்பது) மேலோங்கும் இடத்தில் வரும். முதலில் பிளவின் அளவு. இரும்பின் 6302.5 ஆங்ஸ்ட்ராம் வரிக்கு லாண்டே எண் (புலத்தில் வரி எவ்வளவு பிளவுறும் என்பதன் காரணி) 2.5, 1000 காஸில் ஒரு பக்கப் பிளவு 46 மில்லிஆங்ஸ்ட்ராம். இதைத் தாளில் சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

எந்த அலைநீளத்திலும் கியூ² + யூ² + வி² என்பது ஐ²-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால், ஒளி வாயுவின் வழியே போகும்போது நான்கு ஸ்டோக்ஸ் அளவுகளும் மாறுவதைச் சொல்லும் பரவல் அணியைப் பாருங்கள். அதில் ஏழு தனி உறுப்புகள்: உறிஞ்சலுக்கு நான்கு, காந்த-ஒளியியல் சுழற்சிக்கு மூன்று. உறிஞ்சலின் கியூ, யூ, வி உறுப்புகளின் வர்க்கக் கூட்டல் ஐ உறுப்பின் வர்க்கத்துக்குள் அடங்க வேண்டும். சுழற்சி உறுப்புகள் எதிர்ச்சமச்சீராக அமைய வேண்டும். ஒரு கழித்தல் குறி இடம் மாறினால், சுழற்சி பெருக்கலாக மாறி ஒளியை வளர்த்துவிடும். அணி சரி என்றால் அடுத்த சந்தேகம் பரவளைய இடைக்கணிப்பு. ஆழத்தில் மூலச்சார்பு சட்டென மாறும் இடத்தில் பரவளையம் எகிறிக் குதித்து எதிர்மறைக்குப் போகும். ஏறுமுகத்தைக் காக்கும் பெசியர் வளைவுகள் இதற்குத்தான்.

வி சாய்ந்தால்? வேகச் சரிவு இல்லாத வளிமண்டலத்தில், கலப்பில்லாத தனி வரியின் வி நடுவைச் சுற்றி எதிர்ச்சமச்சீர். இரு மடல்களின் பரப்பும் சமம். வேகம் சுழியாக இருந்தும் சாய்ந்தால், வரி மையம் அலைநீளப் புள்ளிகளுக்கு நடுவே விழுந்திருக்கும், இல்லையேல் நீலப் பக்க, சிவப்புப் பக்க உறுப்புகளின் வலிமை சமமாக இல்லை. வேகச் சரிவு இருந்தால் சாய்வது நியாயம். சூரியப்புள்ளியின் அரைநிழலில் வாயு வெளியே பாய்வதை 1909-இல் கொடைக்கானலில் எவர்ஷெட் கண்டார்; அந்தப் பாய்ச்சல் உள்ள இடத்தில் வி சமமாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

திசைகோணத்துக்கு ஒரே சோதனை: சீமன் கணக்கில், பார்வைக்கோட்டைச் சுற்றிப் புலத்தை 180 பாகை திருப்பினால் எதுவும் மாறக்கூடாது, 90 பாகை திருப்பினால் கியூவும் யூவும் குறி மாற வேண்டும். மாறவில்லை என்றால் 2χ இருக்க வேண்டிய இடத்தில் χ.

அறிகுறி: வரியின் இறக்கைகளில் அலை அலையாகக் கியூ

முழு மறுபகிர்வை விட்டு, பகுதி மறுபகிர்வுக்கு (சிதறிய ஃபோட்டான் பழைய அதிர்வெண்ணை ஓரளவு நினைவில் வைத்திருப்பது) வந்ததும் இது தொடங்கும். கால்சியம் 4227 போன்ற வலுவான வரிகளில் மையத்தில் ஒரு முகடும் இரு இறக்கைகளிலும் (மையத்துக்கு இரு பக்கமும் நீளும் பகுதிகள்) பெரிய முகடுகளும் வரும், அவை நிஜம். முகட்டின் மேல் ஏறி இறங்கும் சிற்றலைகள் நிஜமில்லை. இறக்கையில் ஃபோட்டான் ஏறக்குறைய வந்த அதிர்வெண்ணிலேயே, ஒரு டாப்ளர் அகலத்துக்குள், வெளியேறுகிறது. அங்கே உங்கள் புள்ளிகள் இரண்டு, மூன்று டாப்ளர் அகல இடைவெளியில் இருந்தால், மறுபகிர்வுச் சார்பின் கூர்முனை புள்ளிகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போகும். வெளியேறும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனியாக நெருக்கமான உள்புள்ளிகள் வைத்து, செறிவை அவற்றுக்கு இடைக்கணித்துத் தொகையிடுங்கள். உள்வரும் அதிர்வெண் மேல் கூட்டினால் வரி வடிவமே திரும்பக் கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

பிழை போலத் தெரிந்தும் பிழை அல்லாதவை

ஹான்லே விளைவு வரி மையத்தில் மட்டும் வேலை செய்யும் என்பது பாடம். அதை நம்பி, பலவீனமான புலத்தில் இறக்கைகளில் யூ எழுந்ததும் நிரலைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். இறக்கையில் சிதறலால் பிறந்த கியூவை, பார்வைக்கோட்டு வழியே உள்ள புலம் காந்த-ஒளியியல் சுழற்சியால் யூவாகத் திருப்ப முடியும். ஹான்லே விளைவுக்கு வேண்டிய அளவுப் புலமே இதற்கும் போதும். 2016 முதல் வந்த கணக்குகள் வலுவான ஒத்ததிர்வு வரிகளில் (அணுவின் அடிமட்டத்திலிருந்து எழும் வரிகள்) இதைத் தெளிவாகக் காட்டின. உறுதிசெய்ய, சுழற்சி உறுப்புகளை மட்டும் சுழியாக்கி ஓட்டுங்கள். இறக்கை யூ மறைந்தால் அது இயற்பியல். மறையாவிட்டால் மறுபகிர்வு அணியில் மையத்தையும் இறக்கையையும் பிரிக்கும் இடம் தவறு.

சோடியத்தின் டி1 வரியும் அப்படித்தான். ஜே = 1/2-இலிருந்து 1/2-க்குத் தாவும் எளிய மாதிரியில் அந்த வரி சிதறலால் தளவிளைவு பெறவே பெறாது, உங்கள் நிரல் சுழி காட்டினால் சரியாகவே காட்டுகிறது. ஆனால் சூரியனில் சமிக்ஞை தெரிந்தது. 1998-இலிருந்து 2021 வரை அது ஒரு புதிராகவே நின்றது. அணுக்கருவின் சுழற்சியால் வரும் மீநுண் அமைப்பையும், வரியின் அகலத்துக்குள் கதிர்வீச்சின் திசைச்சார்பு மாறுவதையும், பகுதி மறுபகிர்வையும் சேர்த்து எழுதியபோதுதான் கணக்கில் அது வந்தது. டி1-ஐ நீங்கள் மாதிரியாக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு மட்ட அணுவோடு மல்லுக்கட்டாமல் அணு மாதிரியை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.